குழாயடியில் கவிழ்ந்து கிடக்கும் எழுபத்தொரு பெயர்கள்

ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மா அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும், தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும்:

சென்ற திங்கட்கிழமை காலையில் பேத்தியைப் பள்ளியில் விட வந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலில் ஒட்டிய சேற்றைக் கழுவச் சமையல் கூடத்துக்குப் பின்னாலிருக்கும் குழாயடிக்குப் போனேன். காலை உணவு முடிந்து தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டுகள் அடுக்கியிருந்த கருங்கல் பலகை புதிதாகத் தெரிந்தது. நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், வலது மூலையில் ஒரு சில்லு பெயர்ந்த கல். அந்தச் சில்லு பெயர்ந்த மூலையை எனக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். செங்கல் வைத்து உயர்த்தியிருந்ததால் கல்லுக்கு அடியில் கை நுழையும் அளவு இடைவெளி இருந்தது. குனிந்து விரலை விட்டுத் தடவினேன். எழுத்துகள் விரலில் பட்டன. ஓரத்திலிருந்த ஒரு வரியை மட்டும் தடவித் தடவிப் படிக்க முடிந்தது: ‘பித்தளை அண்டா 1’.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இது எப்போது வந்தது என்று கேட்டேன். பழைய கட்டடத்தை இடித்தபோது மண்ணோடு கிடந்ததாகவும், வழுவழுப்பான பக்கத்தை மேலே போட்டால் தட்டு வைக்க வசதி என்று ஆட்கள் கவிழ்த்துப் போட்டதாகவும் சொன்னார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம் பள்ளிக்குக் கொடுத்த எழுபத்தொரு பேரின் பெயர் பொறித்த கல் அது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரும் ‘மாநாட்டுக் கட்டடம்’ என்று சொல்லிவந்த இரண்டு அறை ஓட்டுக் கட்டடத்தை இடிப்பது என்று நீங்கள் தீர்மானம் போட்டீர்கள். அதன் இடத்தில் புதுக் கட்டடம் கட்டித் தர ஒரு நிறுவனம் முன்வந்தது. கட்டடத்துக்கு அந்த நிறுவனத்தை நிறுவியவரின் பெயரைச் சூட்டுவது என்றும், முகப்பில் எவர்சில்வர் எழுத்துகளில் அதைப் பொறிப்பது என்றும், பழைய கட்டடத்தின் ‘பெயர்ப் பலகைகள் தேவையில்லை’ என்றும் அதே தீர்மானத்தில் எழுதினீர்கள். தலைமை ஆசிரியர் அறைக்கு வெள்ளையடித்தபோது சுவரிலிருந்து இறக்கப்பட்ட, காமராசர் காலத்துப் பொதுக் கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு (நெ.து.சு.) அவர்களின் படம் திரும்ப ஏறவில்லை. விளையாட்டுப் பொருள்கள் போட்டுவைக்கும் அறையில், கிழிந்த கைப்பந்து வலைக்கு அடியில் இருக்கிறது. கல்லையும் படத்தையும் பத்திரப்படுத்தும்படி இரண்டு முறை எழுத்துமூலம் கேட்டேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதாக இந்தக் கடிதத்தை ஊர் அறிய எழுதுகிறேன்.

கட்டடத்தை இடித்ததை நான் குறை சொல்லவில்லை. கூரை ஒழுகியது. உத்திரத்தைக் கறையான் அரித்திருந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை நானே வந்து நம் பள்ளிச் சுவர்களைத் தட்டிப் பார்த்தேன். பிள்ளைகளின் தலைக்கு மேல் பழம்பெருமை நிற்க வேண்டியதில்லை, இடித்தது சரி. பணம் தருகிற நிறுவனத்தோடும் எனக்குச் சண்டை இல்லை. ஊருக்கு நல்லது செய்கிறார்கள், அவர்கள் பெயர் இருக்கட்டும். ஆனால் ஒரு பெயரை ஏற்றுவதற்கு எழுபத்தொரு பெயர்களைக் கவிழ்த்துப் போட வேண்டும் என்று யார் சொன்னது?

குழுக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் கேட்டாராம்: “அந்தக் கல்லில் இருக்கிறவர்களை இன்றைக்கு யாருக்குத் தெரியும்?” நியாயமான கேள்விதான். எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தக் கல் வரக் காரணமானவரிலிருந்து தொடங்குகிறேன்.

நெ.து.சு. நம் மாவட்டத்துக்காரர். 1912 அக்டோபர் 12இல் நெய்யாடுபாக்கம் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊரிலிருந்து காஞ்சிபுரம் போய்ப் படித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பஞ்சாயத்து அலுவலராக அரசுப் பணியைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சுற்றும் வேலை அது. பிறகு கல்வித் துறைக்கு மாறிப் பள்ளி ஆய்வு, மாவட்டக் கல்வி அலுவலர் என்று படிப்படியாக ஏறினார். காமராசர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டிலேயே பொதுக் கல்வி இயக்குநர் ஆனார். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 1961இல் பத்மசிறீ விருது பெற்றார். 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1993 ஏப்ரல் 12இல் மறைந்தார். இவையெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும்.

நம் ஊருக்கு அவர் வந்ததில்லை. நானும் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் நான் உட்கார்ந்து படித்த பலகை, மதியம் தின்ற சோறு, என் ஆசிரியர் முதுமையில் வாங்கிய ஓய்வூதியம் மூன்றிலும் அவர் கை இருந்தது. அவர் பொறுப்பேற்ற காலத்தில் பள்ளிக்கூடம் இல்லாத ஊர்கள் ஏராளம். பள்ளி இருந்த ஊர்களில் பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகள் வந்த இடத்தில் பாதி நாள் பசி அவர்களைத் திருப்பி அனுப்பியது. எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், அரசிடம் பணம் இல்லை. வேறொருவராக இருந்தால் ‘நிதி இல்லை’ என்று கோப்பில் எழுதி மூடியிருப்பார். அவர் ஊர்களிடம் போனார்.

மதிய உணவு முதலில் நன்கொடையில்தான் நடந்தது. சாப்பிட்டுவிட்டுப் பாடம் கேட்கட்டும் என்று ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். பிறகுதான் அரசு தன் பங்கைச் சேர்த்தது: செலவில் ஐந்தில் மூன்று பங்கு அரசு, மீதி இரண்டு பங்கு ஊர். அந்த இரண்டு பங்குக்காக எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பிடி அரிசிப் பானை வைத்தார்கள். உலை வைக்கும்போது அம்மா ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து அந்தப் பானையில் போடுவார். எங்கள் வீட்டில் அரிசிச் சோறு தினமும் கிடையாது. கேழ்வரகுக் களி கிண்டும் நாளில் கேழ்வரகு மாவை ஒரு பிடி போடுவார். வெள்ளிக்கிழமை தோறும் ஐந்தாம் வகுப்பு அண்ணன்கள் இருவர் கூடையோடு வந்து வாங்கிப் போவார்கள். கேழ்வரகு மாவைத் தனித் துணியில் முடிந்துகொள்வார்கள். வாங்கும்போது அவர்கள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அது பெரிய வாத்தியார் சொல்லிக் கொடுத்த பழக்கம். 1961க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து பால் பவுடரும் சோள மாவும் எண்ணெயும் வந்தன. மஞ்சள் நிறச் சோள உப்புமாவின் வாசனையை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் பிடி அரிசிப் பானை இருந்தது.

அடுத்து வந்தது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. 1950களின் பிற்பகுதியில் நெ.து.சு. தொடங்கிய இயக்கம். இன்றைய ஆசிரியர்களுக்கே இந்தப் பெயர் தெரியாமல் போய்விட்டதால் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர்களும் தங்கள் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் எடுப்பார்கள். நாற்காலி, கரும்பலகை, நிலப்படம், கடிகாரம், குடிதண்ணீர்ப் பானை, தட்டு, சீருடை, அறை, நிலம். அந்தப் பட்டியலோடு ஊர்ப் பெரியவர்கள், வியாபாரிகள், நெசவாளர்கள், கூலி வேலை செய்பவர்கள் என்று எல்லோரையும் பார்ப்பார்கள். யாரால் எது முடியுமோ அதைக் கேட்பார்கள். பல ஊர்ப் பள்ளிகள் சேர்ந்து மாநாடு கூட்டி, வந்த பொருள்களை எல்லோரும் பார்க்க அடுக்கிவைத்துப் பள்ளிகளிடம் ஒப்படைப்பார்கள். முதலமைச்சர் காமராசரே பல மாநாடுகளுக்குப் போனார். தமிழ்நாடு முழுவதும் இப்படி நடந்தது. அரசு இயக்குநர் ஒருவர் மக்களிடம் கை நீட்டினார், மக்கள் கொடுத்தார்கள். பள்ளி அரசாங்கத்துடையது என்று ஒதுங்கி நின்ற ஊர், பள்ளி எங்களுடையது என்று சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

எங்கள் ஊரில் அது நடந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. பெரிய வாத்தியார் என்று நாங்கள் சொல்லும் தலைமை ஆசிரியர் ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் தெருத் தெருவாக நடந்தார். பள்ளி விட்டதும் கிளம்புவார், விளக்கு வைத்த பிறகு திரும்புவார். எங்களில் இரண்டு மூன்று பேர் கூடவே போவோம். முதல் நாள் அவர் போனது பெரிய வீட்டுக்கு அல்ல, காலனிக்கு. அங்கே நடவு வேலைக்குப் போகும் ஒரு அம்மா, அவர் பிள்ளை என் வகுப்பு, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் ஒரு படி கேழ்வரகைக் கொண்டுவந்து கொட்டினார். வாத்தியார் நோட்டைத் திறந்து ‘1’ என்று போட்டு அவர் பெயரை எழுதினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். வாத்தியார் வாசித்துக் காட்டினார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

நெசவாளர் தெருவில் பணமாகக் கொடுக்க வழியில்லை. ஏழு வீடுகள் சேர்ந்து பன்னிரண்டு கஜம் துணி நெய்து கொடுத்தன. அந்தத் துணியில் தைத்த சட்டையை நான் போட்டிருக்கிறேன். செக்கு வைத்திருந்தவர் ஆண்டுக்கு ஒரு டின் எண்ணெய் என்று எழுதினார். முடிதிருத்துபவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டு இலவசமாக முடி வெட்டுவதாகச் சொன்னார். வாத்தியார் அதையும் எழுதிக்கொண்டார். மளிகைக் கடைக்காரர் சுவர்க் கடிகாரம். ஒரு கைம்பெண் தன் வீட்டிலிருந்த பித்தளை அண்டாவைக் கொடுத்தார். சீராக வந்த அண்டா என்று என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த அண்டாவில்தான் எங்களுக்குச் சோறு வடித்தார்கள். கட்டடம் நின்ற நிலத்தைக் கொடுத்தவர் ஊரின் பெரிய விவசாயி. முப்பது சென்ட், பத்திரம் பதிந்தே கொடுத்தார்.

பிறகு கல்லில் பெயர் பொறிக்கும் பேச்சு வந்தது. பெரிய தொகை கொடுத்தவர்களை மட்டும் பொறிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வாத்தியார் ஒப்பவில்லை. கொடுத்த எல்லோருடைய பெயரும் வர வேண்டும், அதுவும் நோட்டில் இருக்கும் வரிசையிலேயே வர வேண்டும் என்றார். நோட்டு வரிசை என்றால் கொடுத்த நாளின் வரிசை. நிலம் கொடுத்தவர் பெயர் பதினேழாவது. காலனிப் பெண்மணி பெயர் முதலாவது. 1960 வாக்கில் ஒரு கிராமத்தில் இதன் பொருள் என்னவென்று உங்களில் மூத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு நாள் பேச்சு நடந்தது. கடைசியில் நிலம் கொடுத்தவரே வந்து, “வாத்தியார் எழுதினபடி இருக்கட்டும்” என்று சொன்னதும் பேச்சு முடிந்தது. கல் தச்சர் பாதிக் கூலிதான் வாங்கினார். எழுபத்தொன்றாவது வரியாக, ‘கல் தச்சர், அரைக் கூலி’ என்று அவர் பெயரை அவர் கையாலேயே பொறிக்க வைத்தார் வாத்தியார். அந்த வரியைச் செதுக்கும்போதுதான் மூலையில் சில்லு பெயர்ந்தது. கல்லை மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

சாதி வேறுபாட்டை மறுத்த சுயமரியாதைக்காரர் நெ.து.சு. சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டவர். எங்கள் பெரிய வாத்தியாரோ நாள்தோறும் திருநீறு பூசுபவர். இருவருக்கும் கொள்கையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இயக்குநர் போட்ட வழியில் நடந்தபோது, வாத்தியார் அந்தக் கல்லில் இப்படி ஒரு வரிசையை எழுதினார். நெ.து.சு.வுக்குச் சிலைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. நம் ஊரில் அவருக்கு இருந்த ஒரே நினைவுச் சின்னம் அந்தக் கல். அதில் அவர் பெயர்கூடக் கிடையாது.

பெரிய வாத்தியாரைப் பற்றி இன்னும் ஒன்று. அவர் காலத்துக்கு முன்பெல்லாம் பஞ்சாயத்துப் பள்ளி, நிதியுதவிப் பள்ளி ஆசிரியர்கள் ஓய்வு பெற்றால் பிள்ளைகள் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியதுதான். ஓய்வூதியம், வைப்பு நிதி, காப்பீடு மூன்றையும் ஒன்றாக்கி அவர்களுக்கு ஒரு திட்டம் 1955இல் வந்தது. அப்போது இயக்குநர் நெ.து.சு. எங்கள் வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு மாதம் பிறந்ததும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போவார். வரும்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பொரிகடலை வாங்கி வருவார். யார் கையையும் எதிர்பார்க்காமல் கடைசிவரை நிமிர்ந்து நடந்தார். நான் ஆசிரியர் வேலைக்குப் போனதற்கு அந்த நடையும் ஒரு காரணம்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பெயர்களை யாருக்குத் தெரியும் என்று கேட்க முடியுமா? பெயர்கள் மறந்து போகும் என்று தெரிந்துதானே கல்லில் வெட்டினார்கள்? மறந்துவிட்டோம் என்பதையே காரணமாகச் சொல்லி அந்தக் கல்லை எடுத்துவிட்டால், பிறகு அதைப் படிக்க ஒரு பிள்ளைக்கும் வாய்ப்பே இராது. நான் இந்தப் பள்ளியில் ஒன்பது ஆண்டு ஆசிரியராக இருந்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தக் கல்லின் முன் உட்கார வைத்துத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக்கினேன். தன் பாட்டன் பெயரைக் கண்டுபிடித்த பிள்ளை எழுந்து ஓடிப் போய் வீட்டில் சொல்லிவிட்டு வரும். உங்கள் குழுவில் இருப்பவர்களில் நான்கு பேர் அப்படி ஓடியவர்கள். யார் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

காலனிப் பிள்ளைகள் முதல் பெயரைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் முதல் பெயரைக் காலனிப் பிள்ளைகளில் ஒருவரைப் படிக்கச் சொல்வேன். அந்த அம்மாவின் கொள்ளுப் பேத்தி இப்போது நம் பள்ளியில் நான்காம் வகுப்பு. காலை உணவைத் தின்றுவிட்டுத் தட்டை அந்தக் கல்லின் மேல்தான் வைக்கிறாள். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது.

2022 செப்டம்பர் 15இல் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியபோது மனம் நிறைந்து போனது. 1982இல் சத்துணவு வந்தபோதும் அப்படித்தான். இன்று நம் பிள்ளைகளுக்குக் காலையும் மதியமும் அரசு சோறு போடுகிறது; ஊரார் யாரும் பிடி அரிசி எடுத்து வைக்க வேண்டியதில்லை. எவ்வளவு நல்ல காலம்! ஆனால் இது வானத்திலிருந்து விழுந்ததில்லை. கேழ்வரகு மாவைக்கூட ஒரு பிடி எடுத்து வைத்த பெண்களின் அடுப்படியிலிருந்து வந்தது. அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பாடமும் நம் பள்ளியில் இல்லை. ஒரு கல் இருந்தது.

தீர்மானத்தில் சட்டப்படியும் ஒரு குறை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் மேலாண்மைக் குழு அமைக்கச் சொன்னதே பெற்றோரும் ஊராரும் பள்ளியைத் தங்கள் கண்காணிப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். கல்லில் பெயர் உள்ள குடும்பங்களில் பெரும்பாலானவை இன்றும் ஊரில் இருக்கின்றன. அவர்களில் ஒருவரையாவது கேட்டீர்களா? நான் பதினான்கு வீடுகளுக்குப் போய்க் கேட்டேன். யாருக்கும் தகவல் இல்லை. நிலம் கொடுத்தவரின் பேரன், சென்னையில் இருப்பவர், தொலைபேசியில் சொன்னார்: “எங்கள் தாத்தா பதினேழாவது என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள்.”

கல் உடைந்திருந்தாலோ எழுத்து தேய்ந்திருந்தாலோ கவலைப்பட வேண்டாம். அந்தப் பட்டியலைப் பெரிய வாத்தியார் எங்களுக்குக் கையெழுத்துப் பயிற்சியாகக் கொடுத்தார். என் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுபத்தொரு வரிகளும் பிழையில்லாமல் இருக்கின்றன. நாற்பத்து மூன்றாவது வரியில் மட்டும் நான் விட்ட ஒற்றெழுத்தை வாத்தியார் சிவப்பு மையில் போட்டிருக்கிறார்.

நான் கேட்பவை இவைதான்.

கல்லை இந்த வாரமே குழாயடியிலிருந்து எடுங்கள். தட்டு வைக்க வேறு கல் நான் வாங்கித் தருகிறேன். சமையல் செய்யும் அம்மாக்களுக்கு அதனால் ஒரு நாளும் சிரமம் வரக் கூடாது. கல்லைத் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு மட்டும் கழுவுங்கள். அமிலம் ஊற்றினால் எழுத்து போய்விடும்.

புதுக் கட்டடத்தின் வாசலில், இரண்டாம் வகுப்புப் பிள்ளை நின்று படிக்கும் உயரத்தில் அதைப் பதியுங்கள். முகப்பில் தலைக்கு மேலே வேண்டாம். கட்டட வேலை இன்னும் பூச்சு நிலைக்கு வரவில்லை என்பதைப் பார்த்தேன். இப்போது சொன்னால் மேஸ்திரிக்கு அரை நாள் வேலைதான்.

‘பெயர்ப் பலகைகள் தேவையில்லை’ என்ற வரியைத் தீர்மானத்திலிருந்து நீக்குங்கள். நீக்கியதை அக்டோபர் 2 கிராம சபையில் வாசித்துப் பதிவு செய்யுங்கள். கல்லில் உள்ள குடும்பங்களை அன்று முறைப்படி அழையுங்கள்.

புதுக் கட்டடம் கட்டித் தருகிற நிறுவனத்தாரிடம் கல்லைக் காட்டுங்கள். கதையையும் சொல்லுங்கள். எழுபத்தொன்றாவது வரிக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் இருக்கிறது. எழுபத்திரண்டாவது வரியாக அவர்கள் பெயரை அதே அளவு எழுத்தில் பொறிக்கச் சம்மதமா என்று கேளுங்கள். எவர்சில்வர் எழுத்து வைப்பதும் வைக்காததும் அதன் பிறகு அவர்கள் முடிவு. கேட்க உங்களுக்குத் தயக்கம் இருந்தால் நான் கூட வருகிறேன்.

நெ.து.சு. படத்தைத் துடைத்துத் தலைமை ஆசிரியர் அறையில் மாட்டுங்கள். கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, மாற்றித் தருகிறேன். அக்டோபர் 12, அவர் பிறந்த நாள். அன்று காலைக் கூட்டத்தில் மாலையும் வேண்டாம், மேடையும் வேண்டாம். எழுபத்தொரு பெயர்களையும் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகப் படிக்கட்டும். முதல் பெயரை அந்த நான்காம் வகுப்புப் பிள்ளை படிக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற வியாழக்கிழமை மாலை குழுக் கூட்டம் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். நான்கு மணிக்கு நோட்டுடன் வந்து வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் உள்ளே வந்து வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
இந்தப் பள்ளியின் பழைய மாணவன், பழைய ஆசிரியன்,
கல்லில் முப்பத்தெட்டாவது வரியில் ‘பிடி அரிசி’ என்று எழுதப்பட்டிருக்கும் பெண்ணின் மகன்